முட்டைக்கண்ணி பேசாத பேச்சு

நவம்பர் 3, திங்கள்

இந்த டைரி என் மகன் தண்டபாணிக்கு மில்லில் யாரோ கொடுத்தது. போன வருஷத்தது. கிழமை ஒத்துப்போகவில்லை, அதனால் அச்சடித்ததை அடித்துவிட்டு நானே எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். ஆனால் ஞாபகத்தில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. பின்னால் யாரும், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று தப்பிக்கக் கூடாது, அதற்காகத்தான் எழுத்து.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாயிற்று. இடது முட்டியை அறுத்து உள்ளே இரும்பு வைத்திருக்கிறார்கள். காங்கேயத்துப் பக்கம் என் வீட்டைப் பூட்டிவிட்டு, கோயமுத்தூரில் தண்டபாணியின் நாலாவது மாடியில் தை மாதம் வரைக்கும் கிடக்க வேண்டும். பேத்தியின் அறையில் எனக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள்.

மருமகள் சுகந்தி வந்து, "பாப்பாவுக்குப் பத்தாவது பரீட்சை வருதுங்கத்தை. ராத்திரியில ரேடியோ போட்டறாதீங்க" என்றாள். ரேடியோவை நான் கொண்டுவரவே இல்லை. இவள் அம்மா வீட்டில் நடந்த மறுவீட்டு விருந்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். எனக்கு இலை போடும்போது பாயசம் தீர்ந்துவிட்டது. அந்தப் பாயசம் கிடைக்காதது இன்னும் என் நாக்கிலேயே இருக்கிறது.

பேத்திக்கு ரக்‌ஷணா என்று பேர். என் வாய்க்கு அது ஆகாது, அம்மிணி என்றே கூப்பிடுவேன். வயது பதினைந்து. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் வரிசையில் இவளும் நிற்கட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

ராத்திரி சாப்பாட்டில் தண்டபாணி சொன்னது, சொன்னபடியே:

"பதினொண்ணாவதுக்கு இவளை ஹாஸ்டல் ஸ்கூல்ல சேர்த்தறேம்மா. ஒரே ஹால்ல நாப்பது புள்ளைக. அங்க போனா தானா வாய் தொறந்துக்கும்."

"தொறந்துக்கறதுக்கு அவளென்ன சோடாப் புட்டியாடா?"

"கிளாஸ்ல ஒருத்திகூடவும் பேசறதில்லைன்னு மிஸ் கூப்பிட்டுச் சொல்றாங்கம்மா. பேருக்கு ஒரு சிநேகிதி இல்லை. அடுத்த மாசம் பதினாலாந்தேதி போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்தர்றோம்."

அம்மிணி தட்டிலிருந்த தோசையை அரிசி அரிசியாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வாய்க்குப் போகவில்லை. உனக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

முட்டியை மடக்கப் பழக்குகிற பெண் வந்தாள். பிசியோதெரபி என்கிறார்கள். சிரித்துக்கொண்டே காலை முறிக்கிறாள். சாயங்காலமும் அரை மணி நேரம் நானே மடக்க வேண்டுமாம். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

சத்தம் தாங்காமலோ என்னவோ, அம்மிணி தன் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து என் கால்மாட்டில் வைத்து ஒரு பொம்மைப் படம் போட்டாள். ஜப்பான்காரன் படம். பேசுவதும் ஜப்பான் பாஷைதான். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

படத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். முகத்தில் பாதி கண். மீதி முடி. "என்னடி சொல்றா இந்த முட்டைக்கண்ணி?" என்று சும்மாதான் கேட்டேன்.

அம்மிணி வாயைத் திறந்தாள். "புது ஸ்கூல் ஆத்தா. பேரு ஹிசானோ. நாளைக்கு எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்லணும்னு இப்பவே செருப்பு அலமாரிகிட்டச் சொல்லிப் பழகறா."

இவளுக்கு இப்படி ஒரு குரலா! முட்டைக்கண்ணிக்கு ஒரு குரல், வாத்தியாருக்குக் கட்டைக்குரல், பக்கத்து வீட்டு நாய்க்கு ஒன்று. அரை மணி நேரமும் விடாமல் பேசினாள். படம் முடிந்ததும் விளக்கை அணைத்த மாதிரி பேச்சும் நின்றுவிட்டது. என் முட்டி எவ்வளவு மடங்கியது என்று நான் பார்க்கவே இல்லை.

நவம்பர் 8, சனி

இன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். முட்டைக்கண்ணி பெரிய ஆயத்தம் பண்ணிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். எதிரே ஒருத்தி வந்து இவளுக்கு முந்தி வணக்கம் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான். இவள் தலையிலிருந்து ஆவி கிளம்புகிறது. நெற்றியில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு வேர்வைத் துளி. காகிதம் மாதிரித் தட்டையாகி, காற்றில் பறந்துபோய்க் குப்பைக் கூடைக்குள் விழுகிறாள். கூடைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி, "குட் மார்னிங்" என்கிறாள். அந்தப் பெண் எப்போதோ போயாயிற்று.

அம்மிணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த காட்சி வந்தது. மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு முட்டைக்கண்ணி மாடிப்படிக்கு அடியில் போய், துடைப்பம் வைக்கிற இடத்தில் உட்கார்ந்து தின்கிறாள். அங்கே அம்மிணியின் குரல் இறங்கிவிட்டது. "இங்க யாரும் வர மாட்டாங்க. அதனால இங்க நல்லாருக்குது" என்றாள்.

எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. மாத்திரையின் கசப்பு என்று நினைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஜப்பானிலும் எலுமிச்சம்பழச் சோறுதான் கட்டிக்கொடுக்கிறார்கள். தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல். படத்தில் வெள்ளை உருண்டையாகத்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "அங்க அப்படித்தான் பிடிப்பாங்க ஆத்தா" என்றாள். இங்கேயும் காலையில் அதேதான் கட்டினார்கள். சுகந்தி கை எலுமிச்சம்பழச் சோற்றில் உப்பு எப்போதும் ஒரு கல் அதிகம்.

இன்றைய கதை: சயின்ஸ் மிஸ் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து கொள்ளச் சொல்கிறாள். எல்லாரும் ஜோடி சேர்ந்துவிட, முட்டைக்கண்ணி மட்டும் நடுவில் நிற்கிறாள். மிஸ், "சரி, நீ என்கூடச் சேர்ந்துக்க" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்த மிஸ் முகத்தை ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

முட்டி வீக்கம். படம் இல்லை. ஆகையால் அம்மிணி பேச்சும் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இன்று முட்டைக்கண்ணி கிண்ணத்தில் வாயை வைத்துச் சேமியா மாதிரி எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய இருக்கிறது. அம்மிணியோ அவள் குரலில் பேசிக்கொண்டே போகிறாள். அப்புறம் முட்டைக்கண்ணியின் அப்பா வந்தார். தாடி வைத்த ஜப்பான்காரர். அவர், "எல்லாருகூடயும் பழகோணும் சாமி, நானெல்லாம் உன்ற வயசுல ஊரையே சுத்துவேன்" என்றார்.

காங்கேயத்துப் பேச்சு ஜப்பானுக்கு எப்படிப் போனது? அது அட்சரம் பிசகாமல் தண்டபாணி நேற்று இவளிடம் சொன்னது. இவன் ஊரைச் சுற்றியவனா? என் முந்தானையை விட்டு எட்டாவது வரைக்கும் இறங்காதவன்.

ஆக, இது ஜாடை. ஜாடை எனக்கா தெரியாது? என் ஓரகத்தி முத்தாயாளும் நானும் ஒரே வாசலில் குடியிருந்தோம், பேச்சு மட்டும் கிடையாது. அவளைத் திட்ட வேண்டுமென்றால் நான் கோழியைத் திட்டுவேன். "தின்ன எடத்துலயே கொத்தற சாதி!" கோழி பேசாமல் நிற்கும். அவளுக்கு உறைக்கும். அவள் எருமையிடம் பதில் சொல்லுவாள். இப்படியே காலம் போனது. நேருக்கு நேர் சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்பார்கள். முடிந்திருக்காது. அவளை எனக்குத் தெரியும்.

நான் திட்டுவதற்குப் பழகியதை இந்தப் பெண் என்னத்துக்குப் பழகியிருக்கிறாள், பார். கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மூடிக்கொள்வாள்.

நவம்பர் 18, செவ்வாய்

நானும் படத்தைப் பார்த்தே பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

முட்டைக்கண்ணி (அதாவது அம்மிணி): "கேண்டீன்ல எல்லாரும் சிரிச்சா என்னைப் பார்த்துத்தான் சிரிக்கறாங்கன்னு தோணுது."

நான், கம்ப்யூட்டரைப் பார்த்து: "ஏண்டி முட்டைக்கண்ணி, உன்னைப் பார்க்கறதுதான் அவளுகளுக்கு வேலையா? அவளுக தலையில எத்தனை பேன் இருக்குதோ!"

அம்மிணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி முட்டியை மடக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து முட்டைக்கண்ணி கேட்டாள்: "நெசமாவே அவங்க சிரிச்சா?"

"நெசமாவே சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்க."

அம்மிணிக்குச் சிரிப்பு வந்து படத்தை நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 22, சனி

இன்று முட்டைக்கண்ணி ஒரு கேள்வி கேட்டாள். படத்தில் அவள் ஒரு பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவங்க ஆனா தானா சிநேகிதி வந்துருவாங்களா? உங்களுக்கு யாரு?"

"எனக்கென்ன கொறைச்சல்?" என்றேன். யோசித்து வரிசையாகச் சொன்னேன். கருப்பாத்தாள், என் இட்லிக் குண்டானை வாங்கி நசுக்கிக் கொடுத்தவள், அவளோடு பேச்சு இல்லை. டீச்சரம்மா, தேர்த் திருவிழாவில் எனக்கு இடம் போட்டு வைக்காதவள். என் தங்கச்சி வள்ளியாத்தாள், அம்மா செத்த அன்றைக்கு அவள் சொன்ன சொல்லை இங்கே எழுத மாட்டேன். முத்தாயாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரைக்கும் தினமும் விடிந்தால் அவள் முகத்தில்தான் விழிப்பேன். இப்போது வாசல் சுத்தமாக இருக்கிறது.

அம்மிணி எழுந்து போய் ஐஸ் பையை எடுத்துவந்து என் முட்டியில் வைத்து, விழாமல் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஐஸ் கரைந்து வெறும் தண்ணீரானது. அப்புறமும் கையை எடுக்கவில்லை.

நவம்பர் 29, சனி

முட்டைக்கண்ணியை ஹாஸ்டலுக்கு அனுப்பப் போகிறார்களாம். இன்றைக்குத்தான் சொன்னாள். படத்தில் அவள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க மாடிப்படிக்கு அடியில எடம் இருக்குமா?" என்று கேட்டாள்.

 எனக்கே பதில் வரவில்லை என்பதை இந்தத் தேதியில் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

சுகந்தி அறைக்குள் வந்து, "பரீட்சையை வெச்சுக்கிட்டுக் கார்ட்டூனா? இதைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்படி ஆயிட்டா" என்று கம்ப்யூட்டரை மூடினாள்.

"தொறந்து வை. என்ற முட்டி மடங்கோணும்."

"முட்டிக்கும் கார்ட்டூனுக்கும் என்னங்கத்தை சம்பந்தம்?"

"டாக்டர்கிட்டக் கேளு. கேட்டுட்டு வர்ற வரைக்கும் ஓடட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். "இப்படி ஆயிட்டா" என்றாளே, எப்படி ஆகிவிட்டாளாம்? திருடினாளா, பொய் சொன்னாளா? நாலு பேரோடு பேசவில்லை. நாலு பேரோடு பேசுகிறவர்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். பேசாமலே இருந்திருக்கலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

கையெழுத்துப் போட இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். தண்டபாணியையும் சுகந்தியையும் அறைக்குள் கூப்பிட்டு, "என்னோட உக்காந்து ஒரு நாள் படம் பாருங்க. என்ற முட்டி எவ்வளவு மடங்குதுன்னும் பாருங்க" என்றேன். அம்மிணிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் படத்தைப் பார்த்து, "முட்டைக்கண்ணி, இன்னைக்கு உங்கப்பன்கிட்டச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போடு, நான் இருக்கறேன்" என்றேன்.

படம் ஓடியது. அம்மிணியின் குரல் மெதுவாக வந்தது. தாடிக்காரர் வாசலில் நிற்கிறார். முட்டைக்கண்ணி அவரைப் பார்த்து, "அப்பா, நான் ஹாஸ்டலுக்குப் போகலை" என்றாள்.

தண்டபாணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தான். "இரு இரு. நாளைக்கு மழை வரும், குடை எடுத்துட்டுப் போன்னுதானே கீழ போட்டிருக்குது? ஹாஸ்டல் எங்க வந்துது?"

இவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை நான் எப்படி மறந்தேன்! மறக்கிறவளா நான்? இவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்று இவன் அப்பாவோடு மல்லுக்கட்டியவளே நான்தான். அந்தச் சண்டைக்கு இன்றைக்குப் பலன் வந்து சேர்ந்தது.

அம்மிணி படத்தை நிறுத்திவிட்டாள். காது இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. முட்டைக்கண்ணி குடையைப் பாதி விரித்தபடி அப்படியே நின்றாள்.

"இத்தனை நாளும் ஆத்தாகிட்டப் பொய்யாச் சொல்லிட்டிருந்தியா?" என்றாள் சுகந்தி.

எனக்கு வந்த கோபத்தில் முட்டி தானாக மடங்கியது. "பொய்யா? உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்ல முடியாம ஜப்பான் வரைக்கும் போயிச் சொல்லீட்டு வந்திருக்கறா! கீழ ஓடற எழுத்து என்ன வேணும்னாலும் சொல்லிக்கட்டும். இந்த ரூம்ல ஓடற படத்துக்கு இவ சொல்றதுதான் கதை. எனக்கு அந்தக் கதைதான் தெரியும். புடிக்காதவங்க எந்திரிச்சுப் போலாம்."

யாரும் எழுந்து போகவில்லை. சுகந்தி என்னை முறைத்தாள். தண்டபாணி அம்மிணியைப் பார்த்துப் பேச வாயெடுத்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, அவளை விட்டுவிட்டு, நின்றுபோன படத்தைப் பார்த்துக் கேட்டான்:

"அந்தப் புள்ளைக்கு ஏன் ஹாஸ்டல் வேண்டாமாமா?"

என் வயிற்றில் பிறந்தவன்தான்.

படம் ஓடவில்லை. முட்டைக்கண்ணியின் வாய் மூடியே இருந்தது. அம்மிணி போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"இங்க கதவைச் சாத்திக்கலாம். அங்க நாப்பது பேரு. தூங்கறப்பக் கூடப் பார்த்துட்டிருப்பாங்க." ஓரத்தை இன்னொரு சுற்றுத் திருகினாள். "அவளுக்குப் பேசத் தெரியும். மனசுல எல்லாம் வருது. வாய்க்கு வர்றதுக்குள்ள அவங்க வேற பேச்சுக்குப் போயர்றாங்க. யாரும் நிக்க மாட்டேங்கறாங்க."

தண்டபாணி இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

டிசம்பர் 8, திங்கள்

வீட்டில் நாலு பேரும் பேசவில்லை. எனக்குப் பழக்கம்தான்.

டிசம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் தண்டபாணி கூடத்தில் நின்று போனில் பேசினான். கதவு திறந்திருந்தது. "இப்போதைக்கு சீட் வேண்டாமுங்க. இல்லீங்க, வேற பக்கம் சேர்க்கலை. இங்க வீட்டுகிட்டயே படிக்கட்டும்." போனில் பேசுகிறவனுக்கு இவ்வளவு சத்தம் எதற்கு? எதிர்முனையில் இருப்பவன் காது கிழிந்திருக்கும். அம்மிணி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

இதனால் அவளுக்கு ஒரு சிநேகிதி வந்துவிட்டாளா என்றால், இல்லை. இன்றைக்கும் பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு அடியில்தான் சோறு. கேட்டேன். சொன்னாள். இருக்கட்டுமே. அவள் சோற்றை அவள் எங்கே உட்கார்ந்து தின்றால் என்ன? கேட்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஊன்றுகோலோடு சாப்பாட்டு மேஜை வரைக்கும் நானே நடந்தேன். சுகந்தி சமையல்கட்டில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தாள். தன்னைக் கேட்காமல் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டதில் அவளுக்கு இரண்டு நாளாக ஆற்றாமை. குக்கருக்கு மூடியைப் போட்டு, அதைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் ஒருத்தி எதுக்கு இந்த வீட்டுல? சமைச்சுப் போட மட்டும்தான். புள்ளை நல்லா வரோணும்னு நெனைச்சது என்ற தப்பு. வந்தவங்க சொன்னா வேதவாக்கு."

வந்தவங்க என்றது என்னை. சரி, வா என்று நான் தொண்டையைச் செருமினேன். மேஜை மேல் உப்பு ஜாடி இருந்தது. அதைப் பார்த்துச் சொல்ல எனக்கு மூன்று வாக்கியம் தயாராக இருந்தது. மூன்றும் நல்ல வாக்கியங்கள்.

அதற்குள் அம்மிணி அறையை விட்டு வந்து சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"அம்மா, குக்கர்கிட்டச் சொல்லாதீங்க. என்கிட்டச் சொல்லுங்க."

சுகந்தி கரண்டியோடு திரும்பினாள். "உங்கிட்டச் சொன்னா நீ எங்க பதில் சொல்றே? அதான்."

"சொல்றேன்."

"சொல்லு."

"கொஞ்ச நேரம் ஆகும்."

சுகந்தி கரண்டியை மேடையில் வைத்தாள். நின்றாள்.

அம்மிணிக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் அசைந்தது. சுகந்தி நின்றுகொண்டேயிருந்தாள். குக்கர் மூன்று விசில் அடித்தது, நாலு அடித்தது, அதற்கு மேலும் அடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதியம் பருப்பு கூழாகத்தான் வந்தது. மேஜையில் யாராவது ஒரு குறை சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று தட்டோடு காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. நான் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.